உப்புக் கிரகத்தின் வேகம்

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டாஞ்சேரியில் வேலை கிடையாது. ஓட்டுக்கூரைக் கிடங்குகளும் இரண்டு மாடிக் கட்டிடங்களும் நெருக்கியடித்து நிற்கும் இடம் அது. மேலே போக வேண்டுமானால் மரப்படி ஏறவேண்டும். மூட்டையானால் கப்பி கட்டி இழுக்கவேண்டும். அதனால் வெங்கிட்டு தினமும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு, தோப்பும்படி தாண்டி, பாலங்கள் தாண்டி, எர்ணாகுளம் பக்கம் இடப்பள்ளி மால்களுக்கும் களமசேரி அடுக்குமாடிகளுக்கும் போவான். மாலையில் கிரீஸ் வாசனையோடு திரும்புவான். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது.

நாற்பத்தொரு வயது. இடது காலை ஊன்றும்போது மட்டும் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். கொள்ளுத்தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்து அரண்மனைச் சாலைக்குப் பின்புறம் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். படிப்பது, எழுதுவது, சண்டைபோடுவது எல்லாம் மலையாளம். தமிழில் ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கவே அவன் உதட்டை அசைக்கவேண்டியிருக்கும்.

ஊரில் அவனை யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. ஆனால் சேவியரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் இருபது முப்பது பேருக்கு அவன் 'உப்பு வெங்கிட்டு'. அந்தப் பெயர் வந்த கதைதான் இது. ஒரு மனிதனை இருபது வருடம் பிடித்துவைத்திருந்த ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கையைவிட்டு நழுவியபோது அவன் என்ன செய்தான் என்ற கதையும் இதுவே.

'நோவா கேரவன்' என்று ஒரு கணினி ஆட்ட வரிசை உண்டு; அந்த மாடியில் கூடுவது அதன் ரசிகர்கள். நாம் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் பேச்சையும் முடிவுகளையும் நாமே தேர்ந்தெடுத்து, முப்பது நாற்பது மணிநேரம் வாழ்ந்து தீர்க்க வேண்டிய வகை. தங்கள் சூரியன் அணைந்துபோன மக்கள், கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு புதிய கிரகம் தேடிப் புறப்படுகிறார்கள். மொத்தம் நான்கு ஆட்டங்கள் வந்தன. பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அவ்வளவுதான். ஒன்று, வழி திறந்துவிட்டது. அதற்கு எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள், யாரும் திரும்ப ஆடமாட்டார்கள். மூன்று, உலகம் முழுக்க ரசிகர்கள் உச்சம் என்று சொல்வது. அதன் இசையில் நூறு பேர் சேர்ந்து பாடும் ஒரு இடம் வரும். அதைக் கேட்டு அழுதேன் என்று சொல்லாத ரசிகன் இல்லை. நான்கைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

இரண்டு என்பது மூத்தவனுக்கும் வெற்றிபெற்ற தம்பிக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. அவசரமாக முடிக்கப்பட்ட ஆட்டம். அதில் வாகனவரிசையின் கடைசிக் கப்பலுக்கு எஞ்சின் செத்துப்போகிறது. மற்ற கப்பல்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. ஆட்டம் முழுக்க நாம் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றுதான்: இருக்கிற எரிபொருளில் எவ்வளவை அந்த வால் கப்பலுக்காகச் செலவழிப்பது? நடுவில் உப்பால் ஆன ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே ஒரு பாட்டு வரும். சொற்கள் இல்லாத பாட்டு.

இரண்டுதான் நான்கிலும் சிறந்தது, உப்புக் கிரகப் பாட்டுதான் அந்த வரிசையிலேயே மிகத் துயரமான இசை என்று வெங்கிட்டு இருபது வருடமாகச் சொல்லிவந்தான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்து அது ஒரு துள்ளல் பாட்டு. இரண்டாவது ஆட்டமே தலைதெறிக்க ஓடுகிற ஆட்டம் என்பார்கள். "ஓடறதா? அது ஊர்ந்து போற கேம் ஆக்கும்," என்பான் வெங்கிட்டு. வேண்டுமென்றே எதிர்மாறாகப் பேசுகிறான் என்று முடிவுகட்டி, உப்பு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வருடம் அந்த வாதத்துக்கு ஒரு பயன் வந்திருந்தது. குழுவில் மதுவந்தி என்று ஒரு பெண் இருக்கிறாள். திருப்பூணித்துறையில் வயலின் சொல்லிக்கொடுப்பவள். தன்னோடு வாசிக்கிற நான்கு பேரைத் திரட்டி, ஒரு சின்ன அரங்கில், ஒரே ஒரு மாலை, நான்கு ஆட்டங்களில் ஒன்றின் இசையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மேமாதம் அவள் வேலை கிடைத்து வெளியூர் போகிறாள். அதனால் இன்னொரு மாலை என்ற பேச்சே இல்லை. எந்த ஆட்டம் என்பதைக் கைதூக்கி முடிவுசெய்வது. ஒவ்வொரு ஆட்டத்துக்காகவும் ஒருவர் பத்து நிமிடம் பேசலாம். மூன்றுக்காகச் சேவியர். இரண்டுக்காக வேறு யார்?

வெங்கிட்டு வேறு எதையும் அந்த வருடம் இப்படி விரும்பவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் இசையை மனிதர்கள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க, ஒருமுறை கேட்டுவிடவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேவியரின் மாடியில் சாயாவும், நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியும் வந்தன. கீழே கிடங்கிலிருந்து சுக்கு நெடி ஏறிவந்தது. சேவியர் பெரிய உடம்புக்காரன், சத்தம் போட்டே பேசுவான். அவன் அம்மா நாகர்கோவில்காரி. அதனால் வெங்கிட்டுவிடம் மட்டும் தமிழில் பேசுவான், பாதி மலையாளத்தில் நனைந்த தமிழ்.

"எடா உப்பே, இன்னைக்காவது வேற ஏதாவது பேசுவியா, இல்ல அதே ஒப்பாரியா?"

"நீ உன் நூறு பேர் கோரஸைப் பேசு. நூறு பேர் சேர்ந்து கத்தினா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும். சந்தையில நின்னாலும் வரும்."

மதுவந்தி வயலினை எடுத்துச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள். "வெங்கிட்டுண்ணா, நீங்க பேசறச்சே நடுவுல நான் உப்புப் பாட்டைக் கொஞ்சம் வாசிக்கட்டுமா? ஒரிஜினல் ரெக்கார்டிங் கேட்டு எழுதி வச்சிருக்கேன்."

அவன் தலையசைத்தான். அவள் வாசித்தாள்.

வெங்கிட்டுவின் முகம் சுருங்கியது. முதலில் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். "ஸ்பீடு தப்பாக்கும்," என்றான்.

"இல்லையே அண்ணா."

"மெதுவா வாசி. இது கல்யாண வீட்டுல இலை போடற ஸ்பீடு."

மாடி முழுக்கச் சிரித்தது. மதுவந்தி சிரிக்கவில்லை. தன் போனிலிருந்து ஒலிப்பதிவை ஓடவிட்டாள். அதுவும் அதே வேகம். வெங்கிட்டுவுக்கு ஒரு நினைவு வந்தது. எப்போதோ இணையத்தில் யாரோ போட்ட இதே மாதிரி ஒரு துணுக்கை அவன் கேட்டதுண்டு. ரசிகர்கள் பாட்டுகளை வெட்டி ஒட்டி விளையாடுவது வழக்கம். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்து நகர்ந்துவிட்டான். இப்போது அவன் தன் போனை எடுத்தான். தன் பழைய கணினியிலிருந்து பதிவுசெய்து வைத்திருந்ததைப் போட்டான்.

அதே சுரங்கள், அதே வரிசை. ஆனால் ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து, சேற்றிலிருந்து காலை எடுத்துவைப்பதுபோல் வந்தது. ஒலியும் இரண்டு மூன்று படி கீழே இறங்கி, கனத்திருந்தது.

சேவியர் தொழில்காரன். அவனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "உன் சிடி எங்கே வாங்கினது?"

"எர்ணாகுளம் மார்க்கெட் சந்துல. அப்போ எல்லாரும் அங்கதானே வாங்கினோம்."

"மூணு சிடி கேமை ஒரே சிடில அமுக்கியிருக்கான் அவன். இடம் பத்தாம பாட்டையெல்லாம் சுருக்கி வச்சிருக்கான். சுருக்கினதுல ஸ்பீடு விழுந்துபோச்சு. எடா, இருபது வருஷமா நீ கேட்டது பாட்டே இல்ல. பேட்டரி தீர்ந்த பாட்டு!"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமானது. கூட்டத்தில் எவனோ "உப்புல கலப்படம்" என்றான். வெங்கிட்டு போனைப் பார்த்தபடி நின்றான். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்புக்குள்ளே தன் பாட்டுக்கு.

அந்தச் சிடி அவனிடம் வந்த வருடம் அவன் வேலைக்குச் சேர்ந்த வருடம். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது பிடி தவறி விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கி, மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தான். கட்டிலோடு ஒட்டிப்போட்ட மேசையில் கணினி. இழுத்துச்செல்லப்படும் கப்பலின் கதை. அந்தப் பாட்டின் நடையில்தான் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே மறுபடி நடக்கப் பழகினான். ஒரு சுரத்துக்கு ஓர் அடி. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் வருத்தப்பட்டுக் கை தூக்கியிருப்பார்கள். வருத்தத்துக்காகத் தூக்கிய கை இசைக்காகத் தூக்கிய கை ஆகாது.

"செரி, கை தூக்கலாம். மூணுக்கு யாரெல்லாம்?" என்றான் சேவியர்.

"நில்லு," என்றான் வெங்கிட்டு.

"என்னடா நில்லு? தோத்துட்டேன்னு பறஞ்சா போதும். பழம்பொரி ஆறுது."

"அடுத்த மாசம் தூக்கு. நான் ஒரிஜினலை வாங்கி முதல்லேந்து கடைசிவரை ஆடிட்டு வரேன். நான் கேட்காத பாட்டுக்கு வக்காலத்து வாங்க முடியாது. நல்லா இல்லேன்னா நானே உனக்குக் கை தூக்கறேன்."

"இது எந்தா, கோர்ட்டா, வாய்தா வாங்க?" சேவியர் மதுவந்தியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். "எங்களுக்குப் பழக ஒரு மாசம் போதும் சேவியரேட்டா. அடுத்த மாசம் தெரிஞ்சாலும் சரிதான்."

அப்படித்தான் அந்த மாதம் தொடங்கியது.

வெங்கிட்டுவின் மனைவி அனந்தலக்ஷ்மி தோப்பும்படியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இந்த ஆட்டங்களில் எந்தச் சிரத்தையும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் எது ஓடினாலும் அவள் காதில் விழாமல் போகாது. மூன்றாம் நாள் விடியற்காலை அவன் அசலை ஆடிக்கொண்டிருக்க, காபித் தம்ளரோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"இது என்ன, புதுசா இருக்கு?"

"பழசுதான். சரியான ஸ்பீடு."

"யாரு துரத்தறா இவாளை? நம்மாத்துல வழக்கமா ஓடறது எங்கே? அழுதுண்டே போகுமே?"

"அது தப்பாம். கடைக்காரன் பண்ணின தப்பு."

அவள் ஒரு வாய் காபி குடித்தாள். "நன்னாருந்துதே அந்தத் தப்பு. எனக்கே மனப்பாடம். தோசை வார்க்கறச்சே அதுதான் வரும் வாயில." பிறகு, போகிறபோக்கில், "அப்போ எதுக்கு இதை ஆடிண்டு கஷ்டப்படறேள்? முகத்தைப் பாருங்கோ, வேப்பெண்ணெய் குடிச்சாப்பல."

"இதைத்தானே அவா எழுதினா," என்றான் அவன்.

பொருளை நேசிப்பது ஒன்று. அது நம்மிடம் வந்துசேர்ந்த விதத்தை நேசிப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. பிரிந்து நிற்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிவருகிறது, பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதில்லை; தம் பழைய பிரதியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதில் தவறொன்றும் இல்லை. வெங்கிட்டுவுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான். தனக்கு எதிரில் நிற்பதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசுவது என்று வைத்துக்கொண்டான். ஆட்டத்தில் எல்லாமே அவசரமாகக் கடந்துபோயின. அவன் நின்று பார்த்த இடங்களில் இசை நிற்க விடவில்லை. பல காலைகளில் பாதியில் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அந்த மாத நடுவில் இடப்பள்ளியில் ஒரு பழைய அடுக்குமாடியில் வேலை. அங்கே லிஃப்ட் வருடக்கணக்கில் தேய்ந்து, மெலிந்து, ஆறு மாடி ஏறுவதற்குள் ஒருவர் தன் குடும்பக்கதையைச் சொல்லி முடிக்கலாம் என்ற நிலையில் இருந்தது. வெங்கிட்டுவும் இன்னொருவரும் சேர்ந்து மோட்டாரை மாற்றி, கம்பிவடம் மாற்றி, லிஃப்ட் தகட்டில் எழுதியிருந்த வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாளே குடியிருப்பவர்களிடமிருந்து புகார். வேகம் அதிகமாம்.

போய்ப் பார்த்தான். ஆறாம் மாடி வீடுகளில் சமையல் வேலை செய்யும் செல்வலட்சுமி, விருதுநகர் பக்கத்துக்காரி, லிஃப்ட் வாசலில் கூடையோடு நின்றிருந்தாள்.

"ஏங்க, நீங்கதான் இதை ரிப்பேர் பண்ணவரா? வயித்தைப் பிரட்டுதுங்க. கதவைச் சாத்துறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருது."

"இதான் சரியான ஸ்பீடு அக்கா. முன்னாடி அதுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது."

"உடம்பு சரியில்லாதப்ப நிதானமா போச்சு. எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சே."

"கம்பெனி இந்த ஸ்பீடுக்குத்தான் இதைச் செஞ்சிருக்கு."

"கம்பெனிக்காரன் இதுல ஏறி எறங்குறானா? நாந்தான ஏறி எறங்குறேன்?"

வெங்கிட்டு லிஃப்ட் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தான். அவள் சொல்வதும் நியாயமாகவே பட்டது. ஆனால் தேய்ந்த கம்பிவடம் ஒருநாள் அறுந்திருக்கும் என்பதும் உண்மை. "ஒரு வாரம் போய்வாங்க அக்கா. அப்புறமும் பிடிக்கலேன்னா கூப்பிடுங்கோ, பார்ப்போம்," என்றான்.

"ஒரு வாரத்துல எல்லாம் பழகிரும். அதுக்குத்தான சொல்றீங்க?" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "சமத்து."

பைக்கில் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. பழகிவிடுவதற்காகத்தான் ஆடுகிறேனா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தான். பழக்கம் எதையும் நல்லதாக்கிவிடும் என்றால் தன் பழைய சிடியும் அப்படித்தானே நல்லதானது? தன் இருபது வருட வாதத்தில் எத்தனை பங்கு இசை, எத்தனை பங்கு கட்டில்? கணக்குப் போட முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது. பழகினதா, நல்லதா என்று பிரித்துச் சொல்ல முடிகிற ஓர் இடமாவது கிடைக்காமல் சேவியரின் மாடிப்படி ஏறக்கூடாது.

அந்த இடம் ஆட்டத்தின் கடைசியில் கிடைத்தது.

கடைசிக் காட்சியில் வால் கப்பலில் இருப்பவர்கள் தாங்களே கயிற்றை அறுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று. அவனுடைய பழைய பிரதியில் அந்தக் காட்சி நிசப்தமாக ஓடும். அந்த நிசப்தத்தையும் அவன் எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறான். இப்போது தெரிந்தது, இடம் பத்தாமல் அந்தப் பாட்டையே கடைக்காரன் நீக்கியிருக்கிறான். அசலில் அங்கே இசை இருந்தது.

உப்புக் கிரகப் பாட்டுதான் அது. ஆனால் மெதுவாக.

வெங்கிட்டு முன்னால் சாய்ந்தான். அவன் சிடியின் வேகம்தான் ஏறத்தாழ. ஒவ்வொரு சுரமும் தன் முறைக்குக் காத்திருந்தது. உப்புக் கிரகத்தில் இறங்கிய மக்கள் மூட்டை தூக்கிக்கொண்டே துள்ளி ஆடினது இந்தப் பாட்டுக்குத்தான் என்பது அப்போது உறைத்தது. அங்கே அதைத் துள்ளலாகக் கேட்டவனுக்குத்தான் இங்கே அது தளர்ந்து விழுவது தெரியும். முதலிலிருந்தே மெதுவாகக் கேட்டவனுக்கு விழுவதற்கு எதுவும் இல்லை. கடைக்காரன் அவனுக்கு முடிவை முதலிலேயே கொடுத்துவிட்டு, முடிவு வரவேண்டிய இடத்தை வெறுமையாக்கியிருந்தான்.

இரண்டே வரிதான் அப்படி ஓடியது. மூன்றாவது வரியில் ட்ரம்பெட்டுகள் நுழைந்தன, பறை முழங்கியது, எல்லாம் வீரமாகி, வாழ்த்தாகி முடிந்தது. இசையமைத்தவன் வாசல்வரை வந்துவிட்டுப் பயந்து திரும்பிவிட்டான் என்று பட்டது வெங்கிட்டுவுக்கு. எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டினான். ட்ரம்பெட் திரும்பவும் வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகம். உப்பு தன் வாயாலேயே தோற்கப்போகிறான் என்று செய்தி பரவியிருந்தது. சேவியர் மூன்றுக்காகப் பேசினான், நன்றாகவே பேசினான். அதன் இசையில் குறை சொல்ல இடமில்லை என்றான், அது உண்மையும்கூட. கோரஸ் வரும் இடத்தைப் போட்டுக்காட்டினான். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

வெங்கிட்டு எழுந்தான். மலையாளத்தில்தான் பேசினான், எல்லோருக்கும் புரியவேண்டுமே. முதலில் குறைகளைச் சொன்னான். முதல் பாதியில் நான்கு பாட்டுகள் ஒரே அச்சு. நடுவில் வரும் சண்டை இசை காது வலி. கடைசியில் ட்ரம்பெட் வருவது இசையமைத்தவரின் கோழைத்தனம். இதையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, இரண்டைப் பிடிக்காதவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாக அவன் அவர்கள் கேட்ட இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் உப்புக் கிரகத்தை அசல் வேகத்தில் ஓடவிட்டான். நிறுத்தி, ஒரு வார்த்தையும் சொல்லாமல், கடைசிக் காட்சியின் அந்த இரண்டு வரியை ஓடவிட்டான். ட்ரம்பெட் வருமுன் நிறுத்தவில்லை. அதையும் ஓடவிட்டான்.

"மூணாவதுல எந்தப் பாட்டும் இந்த மாதிரித் திரும்பி வராது," என்றான். "அங்கே ஒவ்வொரு பாட்டும் அதனதன் இடத்துல நல்லா இருக்கு, அவ்வளவுதான். ரெண்டாவதுல ஒரு பாட்டு நடந்து போய் வேற ஆளாத் திரும்பி வருது. பாதி தூரம்தான் வருது. ஆனா வருது." உட்கார்ந்துவிட்டான்.

பின்வரிசையில் ஒருவர், "ரெண்டாவதை நான் முடிச்சதே இல்ல. உப்புக் கிரகத்தோட விட்டுட்டேன்," என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் நாங்களும்தான் என்றார்கள். அவர்கள் எல்லோரும் அந்தப் பாட்டைப் பாதி கேட்டவர்கள்.

சேவியருக்குக் காற்று திரும்புவது தெரிந்தது. அவன் கெட்டவன் அல்ல, வியாபாரி. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னான்: "அளியா, மச்சானே, ஒரு காரியம் சொல்றேன் கேளு. மூணு வாசிக்கட்டும். கடைசியில உன் உப்புப் பாட்டை, உன் சிடி ஸ்பீடுலேயே, மதுவந்தி தனியா வாசிப்பா. மெதுவா. நீ கேட்ட மாதிரியே. ட்ரம்பெட் கிடையாது. என்ன சொல்ற?"

மதுவந்தியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நான் வாசிப்பேன் அண்ணா," என்றாள். "எனக்குமே அந்த ஸ்பீடு பிடிச்சிருக்கு."

ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவன் காலுக்குத் தெரிந்த நடை, அவன் வீட்டுத் தோசைக்கல்லுக்குத் தெரிந்த நடை, மேடையில் ஒரு வயலினில். கை தூக்கச்சொல்லித் தோற்றால் அதுவும் இல்லை. அவன் பழம்பொரித் தட்டைத் தள்ளிவைத்தான்.

"வேணாம்," என்றான்.

"எந்தா வேணாம்? உனக்குத்தானே தர்றேன்!"

"எனக்குத் தர்றே. அது என் ஆத்துல இருக்கு, தினம் கேட்கலாம். எனக்கு ரெண்டு வேணும். முழுசா. எழுதின ஸ்பீடுல, எழுதின வரிசைல."

"அந்த ட்ரம்பெட்டோடயா?"

"அதோடதான்."

"கோழைத்தனம்னு நீதானே பறஞ்ச?"

"பறஞ்சேன். அதுக்காக அறுத்து எறிஞ்சா மார்க்கெட் சந்துக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கை தூக்கச் சொல்லு."

சேவியர் அவனை ஒரு கணம் பார்த்தான். "உனக்கு வட்டாடா, முழுப் பைத்தியம்," என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "மூணுக்குக் கை தூக்குறவங்க!" என்று மலையாளத்தில் கத்தினான்.

நிறையக் கைகள். பிறகு இரண்டுக்கு. சேவியர் எண்ணினான், நம்பாமல் மறுபடி எண்ணினான்; இரண்டுக்குத்தான் அதிகம். ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் தூக்கியிருந்தார்கள்.

அரங்கு ஃபோர்ட்கொச்சிப் பக்கம், பழைய கிடங்கொன்றை மாற்றிக்கட்டியது. மின்விசிறிகள் சத்தம் போடும் என்று நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேர் மேடையில்: மதுவந்தி, ஒரு செல்லோ, கீபோர்டு, தாளத்துக்கு ஒருவர், பிறகு பள்ளுருத்தி சர்ச் பெருநாள் பேண்டில் வாசிக்கிற ட்ரம்பெட்காரர். தெருவில் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி ஊதிப் பழகிய மனிதர். மெதுவாக ஊது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அனந்தலக்ஷ்மி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெங்கிட்டுவுக்கு மறுபக்கம் சேவியர், நாற்காலி போதாமல் பொங்கி வழிந்து உட்கார்ந்திருந்தான்.

முதல் பாதி வெங்கிட்டு சொன்ன மாதிரியே ஒரே அச்சாக இருந்தது. பின்வரிசையில் இருவர் போனைப் பார்த்தார்கள். வெங்கிட்டு அவர்களைக் குறைசொல்லமாட்டான். உப்புக் கிரகம் வந்தபோது கால்கள் தாளம் போட்டன. அனந்தலக்ஷ்மி அவன் காதருகே, "நம்ம தோசைப் பாட்டு, ரயிலைப் பிடிக்க ஓடறது," என்றாள். அவன் சிரித்துவிட்டான். பிடித்திருந்தது. பழகியதால் பிடிக்கிறதா என்று இப்போது அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அது எங்கே போகப்போகிறது என்று தெரிந்ததால் பிடித்தது.

கடைசிப் பகுதியில் மதுவந்தி மட்டும் வில்லை வைத்தாள். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பாட்டு திரும்பிவந்தது. ஒரு சுரம். பிறகு, நேரம் எடுத்துக்கொண்டு, இன்னொன்று. வெங்கிட்டுவின் இடது கால் செருப்புக்குள் தானாக அழுந்தியது. சிடியில் அவன் கேட்டதைவிட இது நன்றாக இருந்ததா? இல்லை, அப்படிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் இது தனியாக வரவில்லை. ஓடின ஓட்டம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்தது.

மேடையில் பள்ளுருத்திக்காரர் ட்ரம்பெட்டை உதட்டுக்கு உயர்த்தினார்.

சேவியர் முழங்கையால் இடித்தான். "இதோ, உன் ஆள் வர்றார். காதைப் பொத்திக்கோ."

"வரட்டும்," என்றான் வெங்கிட்டு. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். "எழுதினதாக்கும்."